பொம்மி கிரீம்

டயர் கடைக்கு மேலே இரும்புப் படியேறினால் முதலில் வருவது பார்லர். அதற்குப் பின்னால், ஒரு திரைச்சீலைக்கு அந்தப் பக்கம், வீடு. வீடு என்றால் ஒரு படுக்கையறையும், ஒருத்தர் நின்றால் இன்னொருத்தர் நுழைய முடியாத சமையல் சந்தும்தான். கீழேயிருந்து ரப்பர் வாடை மேலே ஏறும். மேலேயிருந்து பிளீச் வாடை கீழே இறங்கும். டயர்கடைக்காரர் நல்ல மனுஷன். வாடைக்கு வாடை சரியாப் போச்சு என்று சிரிப்பதோடு விட்டுவிடுவார்.

பார்லரக்காவின் கை அப்படியொரு கை. நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, இரண்டு விரலில் முறுக்கி, புருவத்தின் மேல் ஓட்டினாளென்றால், நாற்காலியில் இருப்பவள் வலிக்குமோ என்று யோசித்து முடிப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். ஆனால் பார்லரில் கூட்டம் நின்றது புருவத்துக்காக இல்லை. பொம்மி கிரீமுக்காக.

பொம்மி அவள் மகள். சர்டிபிகேட்டில் வேறு பெயர். சின்ன வயதில், "என்ன அக்கா, பொம்மை மாதிரி இருக்கா உங்க பொண்ணு" என்று வருகிறவர்களெல்லாம் சொல்லிச் சொல்லி, பொம்மை பொம்மியாகி நிலைத்துவிட்டது. "இவளுக்கு என்னதான் போடுறீங்க?" என்று அடுத்த கேள்வி வரும். பார்லரக்கா உடனே சொல்லமாட்டாள். மூன்றாவது முறை கேட்டால்தான் திரைச்சீலைக்குப் பின்னால் போய் ஒரு சின்ன வெள்ளை டப்பாவோடு வருவாள். "யார்கிட்டயும் சொல்லாத" என்பாள். அவள் அப்படிச் சொன்ன ஒவ்வொருத்தியும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமையல் சந்தில் எவர்சில்வர் கிண்ணத்தை வைத்துக்கொண்டு அவளே கலப்பாள். மருந்துக் கடையில் வாங்கிய மூன்று வகை டியூப், கொஞ்சம் வெள்ளை கிரீம், இரண்டு சொட்டு ரோஜா வாசனை. முன்பு வேலை பார்த்த பார்லரின் முதலாளியம்மா சொல்லிக்கொடுத்த கணக்கு அது. எந்த டியூபில் என்ன இருக்கிறது என்று பார்லரக்கா கேட்டதில்லை. பத்து நாளில் முகம் வெளுத்தது; வேறென்ன கேட்க வேண்டும்?

அவளுக்கு அந்த வெறி சும்மா வந்துவிடவில்லை. பத்தொன்பது வயதில் ஒரு ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போனாள். கூடச் சேர்ந்த நாலு பெண்களில் மூன்று பேரைக் கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். இவளை மட்டும் மேனேஜர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ குடோன்ல துணி மடிம்மா" என்றார். கெட்ட வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் ஜன்னல் இல்லாத அறையில் துணி மடித்தாள். கட்டிக்கொண்டவனும், "இருட்டுல சிரிச்சாத்தான் நீ எங்க இருக்கேன்னே தெரியுது" என்று நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரிக்கிறவனாகவே வாய்த்தான். பிறகு அவன் போய்விட்டான். கையில் குழந்தை இருந்தது. தன் நிறத்தையே உரித்துக்கொண்டு பிறந்த குழந்தை.

அந்தக் குழந்தைக்கு இப்போது இருபது வயது. ஆறு மாதத்துக்கு முன்னால், தாயிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இரண்டு தெரு தள்ளியிருந்த பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அதுவும் ஓவன் பக்கம்.

"வெயில்ல கூட உன்னை விட்டதில்லடி நான். போயும் போயும் அடுப்புக்கு முன்னால நிக்கப் போறியா?"

"ஆமா."

"கவுன்டர்லயாவது நிக்க வேண்டியதுதான? இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு..."

"கவுன்டர்லதான் நிக்கச் சொன்னாங்க. நான்தான் உள்ள கேட்டு வாங்கினேன்."

அதிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு குறைந்துபோனது. பேசினால் சண்டை, சண்டை வேண்டாமென்றால் பேசக்கூடாது. ஒன்றரை அறை வீட்டில் இரண்டு பெண்கள் ஒருவரையொருவர் இடிக்காமல் நடந்து பழகிக்கொண்டார்கள்.

வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மாதத்தில், ஒரு வியாழக்கிழமை காலை அது வெடித்தது. பொம்மிக்கு அன்று மத்தியான ஷிப்ட். பத்து மணியாகியும் குளியலறையை விட்டு வரவில்லை. பார்லரக்கா இரண்டு முறை கதவைத் தட்டினாள். மூன்றாவது முறை தட்டக் கை ஓங்கியபோது கதவு திறந்தது.

முகம் முழுக்கச் சிவந்து வீங்கியிருந்தது. கன்னத்தில் பொடிப்பொடியாகச் சீழ்க் கொப்புளம். மூக்கோரத்தில் தோல் உரிந்து நீர் கசிந்தது. கண்ணிமை தடித்து ஒரு கண் பாதிதான் திறந்தது.

"என்னடி இது!"

"கத்தாத. வெளிய யாரும் இல்லைல்ல?"

"எத்தனை நாளா இப்படி?"

"இருபது நாளா எரியுது. மேல பவுண்டேஷன் போட்டு மறைச்சேன். இன்னைக்கு ஒட்ட மாட்டேங்குது."

பார்லரக்காவுக்கு உடனே புரிந்தது. புரிந்த வேகத்தில் கோபமும் வந்தது. "கிரீம நிறுத்திட்டியா?"

"நிறுத்திட்டேன்."

"யாரைக் கேட்டு?"

"என் மூஞ்சிம்மா. யாரைக் கேக்கணும்?"

"நிறுத்துனா இப்படித்தான் ஆகும், பைத்தியக்காரி! இப்ப ஒரு தடவ போடு. நாளைக்குக் காலையில பளிங்கு மாதிரி ஆயிடும்." கிண்ணத்தில் மீதியிருந்ததை விரலில் வழித்துக்கொண்டு வந்தாள்.

பொம்மி சுவரோடு ஒட்டிக்கொண்டாள். "கிட்ட வராத."

"சொன்னா கேளுடி. இந்த மூஞ்சியோட எப்படி வெளிய போவ? நாலு பேர் பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"அதான் உன் கவலை. எனக்கு எரியுதே, அது கவலையில்ல. நிறுத்துனா மூஞ்சி இப்படி வெடிக்குதுன்னா, இத்தனை நாளும் அது மூஞ்சிய என்னதான் பண்ணிக்கிட்டு இருந்துச்சு? உனக்குக் கேக்கத் தோணலையா?"

பதில் சொல்வதற்குள் இரும்புப் படியில் காலடி கேட்டது. பார்லரக்கா விரலில் இருந்த கிரீமைப் புடவையில் துடைத்துக்கொண்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டு, சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வருமோ, வாடிக்கையாளர் காலடி கேட்டால் வந்துவிடும்.

வந்தவள் பக்கத்துத் தெருத் தையல்காரி. ஸ்கூல் யூனிபார்ம் தைப்பவள். கூடவே ஒன்பது வயது மகள்.

"டப்பா தீர்ந்துபோச்சுக்கா. நல்லாக் கேக்குது இவளுக்கு. டீச்சரே கேட்டாங்களாம், என்னடி கலர் வந்துட்டன்னு" என்று மகளின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினாள். சின்னவள் விட்டால் போதும் என்பதுபோல் நின்றாள்.

பார்லரக்கா அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்தபோது பின்னால் திரை விலகுகிற சத்தம். பொம்மி வந்து நின்றாள். டியூப்லைட்டுக்கு நேர் கீழே.

"அக்கா, நல்லாப் பாருங்க. அந்தக் கிரீம் பேர் என் பேருதான? அதப் போட்ட மூஞ்சி இது."

தையல்காரி ஒரு எட்டு பின்னால் போனாள். "ஐயோ, என்னம்மா ஆச்சு?"

பொம்மி வாய் திறப்பதற்குள் பார்லரக்கா முந்திக்கொண்டாள். "பேக்கரி சூடும்மா. அடுப்புல மூஞ்சிய நீட்டிக்கிட்டு நின்னா? எதையோ வேற தின்னுருக்கா, அலர்ஜி. கிரீம நிறுத்தாதடின்னு தலையால அடிச்சிக்கிட்டேன், கேட்டாளா? இவளுக்கு என்கூட சண்டை. அந்தக் கோவத்துல பேசுறா."

ஒரு வார்த்தைகூட இடறவில்லை. இருபது வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் பயத்தைப் பேசியே கரைத்த வாய் அது. தையல்காரி தாயையும் பார்த்தாள், மகளையும் பார்த்தாள். பிறகு டப்பாவை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சின்னவள் மட்டும் படியிறங்கும்போது திரும்பித் திரும்பிப் பொம்மியைப் பார்த்துக்கொண்டே போனாள்.

பொம்மி கத்தவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டாள். "நல்லாப் பேசினம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

மத்தியானம் மூன்று மணிக்குப் பேக்கரி முதலாளி போன் செய்தார். ஓவன் கதவைத் திறந்து பன் தட்டை வெளியே இழுத்தவள் அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். காய்ச்சல் அனலாக அடிக்கிறதாம். "பொண்ணு கண்ணே திறக்கலம்மா. ஆட்டோவுல ஏத்திட்டோம், நீங்க பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

பார்லரக்கா போனபோது பொம்மி வராந்தா பெஞ்சில், முகத்தில் ஈரத்துணியோடு, மாவு அப்பிய ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் சாய்ந்திருந்தாள். தோல் டாக்டர் ஒரு அம்மா. சுருக்கமாகப் பேசுகிறவர். கன்னத்தைத் தொடாமல், விளக்கைக் கிட்டே கொண்டுவந்து வெகுநேரம் பார்த்தார்.

"என்ன கிரீம் போட்ட?"

பார்லரக்கா மகளின் வாயையே பார்த்தாள். மகள் இப்போது சொல்லிவிடுவாள். காலையில் பேசியதற்கெல்லாம் இங்கே, இந்த வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் பதில் வாங்கிவிடுவாள்.

"ஏதோ ஒரு கடையில வாங்கினது டாக்டர். பேர் இல்லாத டப்பா" என்றாள் பொம்மி.

"எந்தக் கடை?"

"ஞாபகம் இல்ல."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார். "ஞாபகம் வந்தா சொல்லு. இந்த மாதிரி மாசத்துக்கு நாலு பேர் வர்றாங்க. உள்ள ஸ்டீராய்டு கலந்திருப்பாங்க. முதல்ல வெளுக்கும். அப்புறம் தோல் காகிதம் மாதிரி ஆயிடும். சூடு தாங்காது, வெயில் தாங்காது. விட்டா இப்படி வெடிக்கும். கண்ணு பக்கம் வேற போட்டிருக்க, கண்ணுக்குள்ள பிரஷர் பார்க்கணும். சின்னப் பிள்ளைங்களுக்குப் பூசினா வளர்த்தியே நின்னுபோகலாம். அதனாலதான் கேக்கறேன், எந்தக் கடைன்னு."

பார்லரக்கா சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் என்று சொல்ல இரண்டு நொடி போதும். அவள் காலண்டரின் தேதிகளை எண்ணினாள்.

ஊசி போட்டு, மாத்திரை எழுதி, "சனிக்கிழமை காலையில வா" என்று அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் பொம்மி ஜன்னலோரம். எதிர்சீட்டில் இருந்த ஒருத்தி தன் குழந்தையின் முகத்தைத் தோளில் திருப்பி வைத்துக்கொண்டாள். அதை இரண்டு பேரும் பார்த்தார்கள்.

"ஏண்டி பொய் சொன்ன?" என்று கேட்டாள் பார்லரக்கா.

"உன்னைக் காப்பாத்தறதுக்குன்னு நினைச்சியா?"

"பின்ன?"

"நான் சொல்லி நீ இல்லன்னிருந்தா? காலையில மாதிரி அங்கேயும் பேசியிருந்தா? அதுக்கப்புறம் நான் எங்க போறது? வீட்டுக்குத்தான வரணும்."

பார்லரக்கா கைப்பையின் பிடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். இரண்டு ஸ்டாப் கடந்தது.

"அந்தத் தையல்காரி பொண்ணு... அந்த டப்பாவ வாங்கிடணும்" என்றாள்.

"வாங்கு."

"நான் சொன்னா நம்பமாட்டா. காலையிலதான் அப்படிச் சொல்லி அனுப்பினேன். நீயும் கூட வாயேன். உன் மூஞ்சியப் பார்த்தா அவளே பயந்து குடுத்துடுவா."

பொம்மி ஜன்னலிலிருந்து திரும்பினாள். திறந்திருந்த ஒரு கண்ணால் தாயைப் பார்த்தாள்.

"அழகா இருந்தப்ப காட்டுன. இப்ப அசிங்கமா இருக்கும்போதும் காட்டணுமா? எப்பதான்மா இது என் மூஞ்சியா இருக்கும்?"

டிக்கெட் கேட்டு நடத்துனர் வந்தார். பார்லரக்கா எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. பார்லர் திறக்கவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு, வழக்கம்போல் முகத்துக்கு எல்லாம் போட்டுக்கொண்டு, பார்லரக்கா தனியாகத் தையல்காரி வீட்டுக்குப் போனாள். ஜன்னலோரம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காலர் வைக்காத வெள்ளைச் சட்டைகள் ஒரு குவியல், வைத்தவை ஒரு குவியல். சின்னவள் தரையில் குப்புறப் படுத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா, அதிசயமா இருக்கு" என்றாள் தையல்காரி, கால் மிதியை நிறுத்தாமல்.

"அந்த டப்பாவக் குடும்மா. அது வேணாம்."

"ஏன்க்கா? பழசா?"

"பழசு புதுசு இல்ல. அதப் பிள்ளைக்குப் போடக்கூடாது."

தையல்காரி மெஷினை நிறுத்தினாள். "நேத்து போடலாம், இன்னைக்குப் போடக்கூடாதா? வேற யாருக்காவது வேணுமாக்கும். உங்க பொண்ணுக்கு மட்டும் பூசிப் பொம்மையாக்கி வச்சிருந்தீங்கல்ல? என் பொண்ணு கொஞ்சம் கலர் வந்தா உங்களுக்குப் பொறுக்கலையா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா..."

"எங்களுக்கும் ஆசை இருக்காதா? நாளைக்கு இவ ஒரு வேலைக்குப் போனா, முன்னாடி நிறுத்துவாங்களா, பின்னாடி தள்ளுவாங்களா? நீங்கதான சொன்னீங்க இதெல்லாம்?"

சொன்னவள் அவள்தான். குடோன் கதையை நாற்காலியில் உட்கார்ந்த ஒவ்வொருத்தியிடமும் சொல்லி, அதை முடிக்கிற இடத்தில் டப்பாவை நீட்டியவள் அவள்தான். இனி எந்த வார்த்தையைச் சொன்னாலும் அது அந்தப் பழைய வாயிலிருந்துதான் வரும்.

"கொஞ்சம் தண்ணியும் சோப்பும் குடு" என்றாள்.

தையல்காரி புரியாமல் சிங்க்கைக் காட்டினாள். பார்லரக்கா குழாயைத் திறந்தாள். முதல் தடவை தேய்த்ததில் பழுப்பு நிறத் தண்ணீர் ஓடியது. இரண்டாவது தடவை வரைந்த புருவம் போனது. மூன்றாவது தடவையில் மீதியிருந்ததும் போனது. கட்டிக்கொண்டவன் போன பிறகு, மகளைத் தவிர ஒரு உயிருக்கும் அவள் இந்த முகத்தைக் காட்டியதில்லை. புடவைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்கு வந்து நின்றாள்.

கன்னத்தெலும்பின் மேல் இரண்டு பக்கமும் சாம்பலும் நீலமுமாகத் திட்டுத்திட்டாகக் கருமை. மூக்கைச் சுற்றிச் சிவப்பு நரம்புகள், நூல் நூலாக. தாடையோரம் ஆண்பிள்ளைக்கு அரும்புவதுபோல் மயிர், காலையில் எடுத்ததையும் மீறி. தோல் அத்தனை மெல்லிசு. சோப்புப் பட்டதற்கே ரத்தம் மேலே வந்து நின்றது.

"இதுவும் அந்தக் கிரீம்தான். எனக்கு இருபது வருஷம்."

தையல்காரி கையிலிருந்த சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். சின்னவள் எழுந்து கிட்டே வந்தாள்.

"ஆன்ட்டி, எரியுதா?"

"எரியும்மா."

"எனக்கும் எரியும். அம்மாகிட்ட சொன்னேன். எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு நீங்க சொன்னீங்களாம்."

பார்லரக்கா அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள்.

"நேத்து உங்க பொண்ணு வந்து காட்டுனா. பேக்கரி சூடுன்னு சொன்னீங்க" என்றாள் தையல்காரி.

"ஆமா."

"பொய்யா?"

"பொய்."

"தெரிஞ்சேதான் என் பிள்ளைக்குக் குடுத்தீங்களா?"

"நிறுத்துனா இப்படி ஆகும்னு என் மூஞ்சியில பார்த்துட்டேன். அதனாலதான் நான் நிறுத்தவே இல்ல. உள்ள என்ன இருக்குன்னு யாரையும் கேக்கல. கேட்டா தெரிஞ்சிடுமேன்னு கேக்கல."

தையல்காரி உள்ளே போனாள். வந்து டப்பாவை அவள் காலடியில் வீசினாள். மூடி கழன்று வெள்ளையாகத் தரையில் சிதறியது. "வெளிய போங்க. இனிமே என் வாசல் பக்கம் தலை காட்டாதீங்க."

பார்லரக்கா குனிந்து தலைப்பால் தரையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே சொன்னாள்: "திட்டு. எவ்வளவு வேணாலும் திட்டு. ஆனா நீயா சும்மா நிறுத்திடாத. டாக்டர்கிட்ட காட்டித்தான் நிறுத்தணும். நாளைக்குக் காலையில பெரிய ஆஸ்பத்திரியில அந்த டாக்டரம்மா இருப்பாங்க. நான் வாசல்ல நிக்கிறேன். என்ன டியூப்லாம் கலந்தேன்னு நானே சொல்றேன். எனக்குத்தான் அது தெரியும்."

திரும்பி வரும்போது தெருவெல்லாம் வெயில். யார் பார்க்கிறார்கள், யார் பார்க்கவில்லை என்று அவளுக்குத் தெரியவில்லை. தலையைத் தூக்கினால்தானே தெரியும்?

பொம்மி பாயில் படுத்திருந்தாள். காலடி கேட்டுத் துணியை விலக்கிப் பார்த்தவள் எழுந்து உட்கார்ந்தாள். "இப்படியேவா தெருவுல வந்த?"

"ஆமா."

"யாரும் பார்க்கலையா?"

"டயர்கடைக்காரர் பார்த்தாரு. படி ஏறும்போது, 'பார்லரக்கா இல்லம்மா, கடை லீவு'ன்னாரு."

பொம்மிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் கன்னம் விண்ணென்று இழுக்க, இரண்டு கையாலும் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "ஸ்... சிரிப்பு காட்டாதம்மா" என்றாள். பார்லரக்காவும் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். அது பாதியில் அழுகையாகிவிட்டது. பொம்மி அவளை அழவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்காக நான் உன்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுவேன்னு நினைக்காத" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

"நினைக்கல."

"எனக்கு இன்னும் கோவம் இருக்கு."

"இருக்கட்டும்."

சனிக்கிழமை ஆஸ்பத்திரி வாசலில் பார்லரக்கா வெறும் முகத்தோடு நின்றாள். பொம்மி அவள் பக்கத்தில் நிற்காமல் தூணோரம் போய் நின்றுகொண்டாள். டோக்கன் கொடுக்கிற இடத்தில் வரிசை நீண்டுகொண்டே போனது. எட்டரை ஆயிற்று. ஒன்பது ஆயிற்று. வரமாட்டாள் என்றே பார்லரக்கா நினைத்தாள். ஒன்பதேகாலுக்குத் தையல்காரி மகளைக் கையில் பிடித்தபடி வந்தாள். இவளிடம் முகம் கொடுக்கவில்லை. பார்லரக்கா போய் வரிசையில் நிற்க, அவளுக்குப் பின்னால், ஒரு ஆள் இடைவெளி விட்டு நின்றுகொண்டாள்.

டாக்டர் அறைக்குள் நாலு பேரும் ஒன்றாகத்தான் போனார்கள். டாக்டர் சின்னவளின் கன்னத்தில் விளக்கைப் பிடித்தார். பிறகு பொம்மியைப் பார்த்தார், கடைசியில் பார்லரக்காவைப் பார்த்தார். அவருக்கு முக்கால்வாசி புரிந்துவிட்டது.

"இது எந்தக் கடை?" என்றார்.

"கடை இல்ல டாக்டர். நான்தான். வீட்டுல கலக்கறேன்." பார்லரக்கா பையிலிருந்து மூன்று டியூபையும் எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தாள். எதில் எவ்வளவு என்று சொன்னாள். ஒன்றையும் விடவில்லை. "இப்போதைக்கு இருபத்தி ரெண்டு பேர் போடறாங்க. ஒவ்வொரு வீட்டுக்கும் நானே போய்ச் சொல்லி இங்க அனுப்பறேன்."

"நான் இதை மேல எழுதியாகணும். ஆபீசர் வருவாங்க. உங்க பார்லர மூடச் சொல்லலாம். கேஸும் ஆகலாம். தெரியுமில்ல?"

"தெரியும். எழுதுங்க."

டாக்டர் பேனாவை எடுத்தார். பொம்மியின் சீட்டை இழுத்து வைத்துக்கொண்டார். "உங்க பொண்ணுக்கு எத்தனை வயசுலேர்ந்து போடறீங்க?"

"பன்னெண்டு, பதிமூணு இருக்கும் டாக்டர்" என்றாள் பார்லரக்கா. அவள் பொய் சொல்லவில்லை. அவள் மனசில் அது அப்படித்தான் பதிந்திருந்தது.

"ஒம்பது" என்றாள் பொம்மி.

அவள் தாயைப் பார்த்துச் சொல்லவில்லை. ஸ்டூலில் காலாட்டிக்கொண்டிருந்த தையல்காரியின் மகளைப் பார்த்துச் சொன்னாள். "ஸ்கூல்ல குரூப் போட்டோ எடுத்த வருஷம். போட்டோக்காரர் என்னைப் பின் வரிசைக்குப் போகச் சொன்னாரு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து நான்தான் அழுதேன். நீ மடியில படுக்க வச்சுப் பூசிவிட்டம்மா."

பார்லரக்கா திரும்பி அந்த ஸ்டூலைப் பார்த்தாள். கால் தரையில் எட்டாத உயரம். முட்டியில் பேனா மை. இவ்வளவுதான் இருந்தாளா? இத்தனை சின்னதாகவா இருந்தாள்?

டாக்டர் எழுதாமல் காத்திருந்தார். "எது சரி?"

"அவ சொல்றதுதான் டாக்டர்" என்றாள் பார்லரக்கா. "ஒம்பதுன்னே எழுதுங்க."